கரையிலும் கடலிலும் போட்ட கோடுகள்: தமிழ்நாட்டுக் கடல்வளப் பாதுகாப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீனவ ஊர்களில் நடக்கும் சட்ட விளக்கக் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே குறித்து வைத்தவற்றைப் பதில்களோடு கீழே தருகிறேன். கடலில் கோடு கிழிக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அரசு கடலைக் காப்பதே கோடுகளை வைத்துத்தான். அந்தக் கோடுகள் எங்கே இருக்கின்றன, யார் போட்டது, யார் காக்க வேண்டும் என்பது கடலை நம்பி வாழ்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடல் யாருக்குச் சொந்தம்? மாநில அரசுக்கா, மத்திய அரசுக்கா?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ளது ஆட்சிக் கடல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், ஆக, ஏறக்குறைய 22 கிலோமீட்டர். மீன்வளம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால், இந்த எல்லைக்குள் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநில அரசு. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை உள்ள தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பு மத்திய அரசின் பொறுப்பு. பாக் நீரிணை குறுகலானது என்பதால் அங்கே 200 மைல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்களே அந்தப் பகுதியின் எல்லையைத் தீர்மானிக்கின்றன.

மீனவருக்கு இவற்றைவிட முக்கியமான கோடு ஒன்று உண்டு. அது கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி கீழே வருகிறது.

எத்தனை அலுவலகம்தான் இருக்கிறது? எதற்கு யாரிடம் போவது?

படகு, வலை, தடைக்காலம், நிவாரணம், விசைப்படகுத் தகராறு ஆகியவற்றுக்கு மீன்வளத்துறை. ஆமை, ஆவுளியா (கடற்பசு), பவளப்பாறை, தீவுகள், அலையாத்திக் காடு ஆகியவற்றுக்கு வனத்துறை. கரையில் எழும்பும் கட்டடங்களுக்குத் தமிழ்நாடு மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையமும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவும். ஆலைக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கடத்தலுக்கும் ஆட்சிக் கடல் காவலுக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், ஆழக் கடலில் கடலோரக் காவல்படை.

மாவட்டக் குழுவில் உள்ளூர்க் கடலோரச் சமூகங்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். நான் போன பெரும்பாலான ஊர்களில் இப்படி ஓர் இடம் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடற்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் ஒன்றுமே கட்டக்கூடாதாமே?

அப்படியில்லை. 1981இல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, கரையை ஒட்டிய 500 மீட்டரைக் கட்டடங்களிலிருந்து காக்குமாறு கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986இன் கீழ் 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அது 2011இல் மாற்றி எழுதப்பட்டது. 2019இல் மீண்டும் மாற்றி எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறிவரும் மேல் எல்லையிலிருந்து, நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே கட்டுப்பாடு இல்லை.

முதல் வகை பவளப்பாறை, அலையாத்திக் காடு, மணற்குன்று, ஆமை முட்டையிடும் கரை போன்ற எளிதில் பாதிப்படையும் இடங்களும், கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட பகுதியும். இங்கேதான் விதி மிகக் கடுமை. இரண்டாவது, ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி. மூன்றாவது, ஊர்ப்புறக் கரை. நான்காவது, 12 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பு.

2019 அறிவிக்கை ஊர்ப்புறக் கரையை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் கட்டுமானத் தடைப் பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. மற்ற இடங்களில் 200 மீட்டர் அப்படியே இருக்கிறது. நெருக்கடியான ஊரில் வீடு கட்ட இடமில்லாத குடும்பங்களுக்கு இது உதவும் என்று சொல்லப்பட்டது. அதே தளர்வு விடுதி கட்டுகிறவருக்கும் வழிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. மூன்று அறிவிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒவ்வொரு முறையும் கோடு கடலை நோக்கியே நகர்ந்திருப்பது தெரியும்.

எங்கள் தாத்தா கட்டிய வீடு 200 மீட்டருக்குள் இருக்கிறது. இடித்துவிடுவார்களா?

முன்பிருந்தே முறையாக இருந்துவரும் வீட்டை, அதே பரப்பளவுக்குள் பழுதுபார்க்க விதி இடம் தருகிறது. தடைப் பகுதிக்குள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை இடிக்கும்படி அறிவிக்கை சொல்லவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல ஊர்களில் வீட்டுக்குப் பட்டா இல்லை. நிலம் புறம்போக்கு என்றே ஆவணத்தில் இருக்கும். ஐந்து தலைமுறையாக அங்கே வாழ்கிறோம் என்பதைக் காகிதத்தில் காட்ட முடியாமல் திணறுகிறார்கள். வீட்டு வரி ரசீது, பழைய மின்கட்டண அட்டை, குடும்ப அட்டை, சுனாமிக்குப் பிறகு கொடுத்த ஆவணங்கள் என எது இருந்தாலும் நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். புயலில் நனைந்து அழிந்த காகிதத்துக்காக அலையாய் அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரின் வரைபடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு மாநிலமும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் தயாரிக்க வேண்டும். எது எந்த வகை மண்டலம் என்பதைத் தீர்மானிப்பது அந்த வரைபடம்தான். அதில் மீனவ ஊர்கள், படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயவைக்கும் களம், ஏலக்கூடம், ஊருக்கு வரும் பாதை ஆகிய பொது இடங்கள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஊரின் வருங்கால வீட்டுத் தேவைக்கும் திட்டம் இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஊரின் பொது இடங்கள் அதில் இருக்கின்றனவா என்பதைத்தான். வலை காயும் மணல்வெளி வரைபடத்தில் வெற்றிடமாக இருந்தால், நாளை அதை ‘யாரும் பயன்படுத்தாத நிலம்’ என்று ஒருவர் கேட்டு வாங்க முடியும். இரண்டாவதாக, முகத்துவாரமும் உப்பங்கழியும் சரியாக வரையப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் திறக்கும் முகத்துவாரங்கள் விடுபட்டுப் போவதுண்டு. வரைவு வெளியிடும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்கும். அங்கே கோபமாகப் பேசுவதோடு நிறுத்திவிடாமல், விடுபட்ட இடங்களைப் பட்டியலிட்டு எழுத்தில் கொடுத்துக் கையொப்பமிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

தடைக்காலம் ஏன் சித்திரை, வைகாசியில் வருகிறது? கடல் அமைதியாக இருக்கும் காலமாயிற்றே?

பல மீன் இனங்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது என்பதே காரணம். தமிழ்நாட்டில் 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாட்களாக நீண்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு கரைகளும் இருப்பதால் அந்த மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு தேதிகள்.

எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை, ஆகவே இந்தத் தேதிகள் சரியா என்று அனுபவமுள்ள சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தடை முடிந்த முதல் வாரத்தில் கரைக்கு வரும் மீனைப் பார்த்தவர்கள், அந்த இரண்டு மாத ஓய்வு கடலுக்குத் தேவையில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

தடைக்காலத்தில் நாட்டுப் படகு போகலாமா? நிவாரணம் எவ்வளவு?

தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். கட்டுமரம், நாட்டுப் படகு ஆகியவை கரையோரக் கடலில் தொழிலுக்குப் போகலாம்.

தடைக்கால நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மீன்பாடு குறையும்போது தரப்படும் சிறப்பு நிவாரணம் இதிலிருந்து வேறு. சேமிப்பு நிவாரணத் திட்டமும் தனி: மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. ஒன்றை வாங்கியவர் மற்றொன்றுக்குத் தகுதியற்றவர் என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

சுருக்குமடி வலையை உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே, இங்கே ஏன் தடை?

அந்த உத்தரவை அரைகுறையாகச் சொல்லிப் பரப்புகிறார்கள். மீன் கூட்டத்தை வளைத்துச் சுற்றி, அடிக்கயிற்றைச் சுருக்கி மொத்தமாக அள்ளுவது சுருக்குமடி. தமிழ்நாடு அதை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்தது ஓர் இடைக்கால அனுமதி: 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாட்கள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும். ஆட்சிக் கடலுக்குள் மாநிலத்தின் தடை அப்படியே இருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன 12 மைல் கோட்டின் பொருள் இங்கேதான் விளங்கும்.

இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டைமடியும் தடை செய்யப்பட்டதே. அடிமட்டத்தை வழித்துக்கொண்டு போகும் மடியில் மீன்குஞ்சும் வரும், சேறும் வரும், கடற்புல்லும் வரும். குஞ்சும் கூளமுமாகக் கரைக்கு வருவதைக் கோழித்தீவனத்துக்கு எடைபோட்டு விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நாளைய மீன்பாட்டை இன்றே கிலோ கணக்கில் விற்கிறோம்.

விசைப்படகு எங்கள் வலையை அறுத்துவிட்டுப் போகிறது. 3 மைல் விதியை யார்தான் காப்பது?

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983 சிறு மீனவருக்குக் கொடுத்த பெரிய உரிமை இதுதான். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. மீன் குஞ்சுகள் வளர்வதும், பார்களும் (கடலடிப் பாறைத் திட்டுகள்) கடற்புல் படுகைகளும் பெரும்பாலும் இருப்பதும், கரைவலையும் சிறுவலையும் நம்பி வாழும் குடும்பங்கள் பிழைப்பதும் இந்தப் பட்டைக்குள்தான். இந்த ஒரு கோட்டை ஒழுங்காகக் காத்தாலே மற்றத் திட்டங்களில் பாதி தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து.

காக்க வேண்டியது மீன்வளத்துறை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையில், 14 கடலோர மாவட்டங்களில், அவர்களிடம் இருக்கும் ரோந்துப் படகுகளை வைத்து இரவு முழுவதும் காவல் காப்பது எளிதன்று. ஆகவே சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். கைபேசியில் இருப்பிடம் பதிவாகும் வகையில் படம் எடுங்கள். படகின் பதிவு எண், நேரம், அறுந்த வலையின் படம் எல்லாம் சேர்ந்தால்தான் புகார் நிற்கும்.

ஊர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடுகளும் உண்டு. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள், நாட்டுப் படகுகள் மற்ற நான்கு நாட்கள் என்ற முறை பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. மோதல்களுக்குப் பிறகு பேசி வந்த முடிவு அது. கோட்டை இடத்தில் போடாமல் நாளில் போட்டிருக்கிறார்கள்.

வலையில் பங்குனி ஆமையோ ஆவுளியாவோ தானாக மாட்டினால் சிறைக்கு அனுப்புவார்களா?

உயிரோடு திரும்பக் கடலில் விட்டவரை யாரும் சிறைக்கு அனுப்புவதில்லை. ஆவுளியாவை விடுவித்த மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டி வெகுமதி கொடுத்திருக்கிறது. வேண்டுமென்று பிடிப்பது, கொல்வது, இறைச்சியை விற்பது ஆகியவற்றுக்குத்தான் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ் தண்டனை. மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிர்களுக்கு அது மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை. பயந்துபோய் இறந்த உடலை மறைப்பதுதான் ஆபத்து. ஊர்த் தலைவர் மூலம் உடனே வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். நீண்ட நேரம் இழுக்கும் மடிக்குள் சிக்கினால் மூழ்கிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய ஆமைகளை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. மடியின் கழுத்தில் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் மீன் உள்ளே போகும், ஆமை மேல்திறப்பு வழியாக வெளியேறிவிடும். ஆமை விலக்குக் கருவி என்பது இதுதான். இது நம் படகுகளில் பரவலாக இல்லை என்ற காரணத்தால், கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. ஆமையைக் காப்பதால் வருமானம் போகிறது என்பவர்களிடம், காக்காததால் போன சந்தையைப் பற்றியும் சொல்லுங்கள்.

இலங்கையில் கடல் அட்டை பிடிக்கலாம், இங்கே மட்டும் ஏன் குற்றம்?

1982இல் மூன்று அங்குலத்துக்குக் குறைவான அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற அளவில்தான் விதி இருந்தது. வரத்துக் குறைந்துகொண்டே போகவே, 2001இல் எல்லாக் கடல் அட்டை இனங்களையும் முதல் அட்டவணையில் சேர்த்து முழுத் தடை போட்டார்கள். கடலடிச் சேற்றை உண்டு சலித்துச் சுத்தம் செய்யும் உயிர் அது. மெதுவாக நகர்வதால் கையால் பொறுக்கியே ஓர் இடத்தைக் காலி செய்துவிட முடியும்.

இந்தத் தடையைப் பற்றி எனக்கு இரு மனம். உயிரினம் காக்கப்பட வேண்டும். ஆனால் நீரிணையின் ஒரு பக்கம் உரிமம், மறுபக்கம் சிறை என்ற நிலை கடத்தல்காரர்களுக்கே லாபமாகிறது. முத்துக்குளித்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வழக்குகளில் மாட்டுகிறார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்ற விதி மன்னார் வளைகுடாச் சங்குக் குளிப்பில் நெடுங்காலம் இருந்தது. அதுபோல அளவும் பருவமும் பார்த்து ஒழுங்குபடுத்த முடியுமா என்று அறிவியலாளர்களும் மீனவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம். அதுவரை சட்டம் சட்டம்தான், தொடாதீர்கள்.

தீவுகள் எங்கள் முன்னோர் தங்கி வந்த இடம். இப்போது இறங்கினாலே பிடிக்கிறார்களே?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலும், சுமார் 560 சதுர கிலோமீட்டர், 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. பலரும் இவை இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காப்பகம் பெரியது, அதற்குள் மீன்பிடிக்கலாம், ஊர்கள் இருக்கின்றன. தேசியப் பூங்கா அதன் மையம். அங்கே நுழையவே அனுமதி வேண்டும்.

அப்படிக் காக்க வலுவான காரணம் இருந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளக் கல்லை வெட்டி எடுத்ததில் தீவுகளைத் தாங்கிய அரணே போனது. இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள வான் தீவு சுருங்கிக்கொண்டே வந்ததால், அலையின் வேகத்தைத் தணிக்கச் சுற்றிலும் செயற்கைப் பார்களை இறக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தக் கோடு முதலில் தடுத்தது தலைமுறைகளாகத் தீவுக் கரைகளில் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்து வந்த பெண்களை. படகுக்கு இயந்திரம்கூட இல்லாதவர்கள். பாசியை வேரோடு பிடுங்காமல் கையால் கிள்ளி எடுப்பது, மாதத்தில் சில நாட்கள் மட்டும் கடலில் இறங்குவது, ஆண்டில் ஒரு பருவம் முழுக்க ஓய்வு விடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களை எதிரிகளாகப் பார்க்காமல் காவலில் கூட்டாளிகளாகச் சேர்த்திருந்தால் பூங்கா இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

கடற்பசுக் காப்பகம் அறிவித்திருக்கிறார்களே, எங்கள் தொழில் நின்றுவிடுமா?

நிற்காது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தில் ‘பாதுகாப்பகம்’ என்பது தேசியப் பூங்காவைப் போன்றதன்று. உள்ளூர் மக்களைக் கலந்துபேசியே அறிவிக்க வேண்டும். மக்களின் உரிமைகள் தொடரும். ஆவுளியா உண்பது கடற்புல். அதே கடற்புல்லில்தான் இறாலும் நண்டும் ஒரா மீனும் குஞ்சு வளர்க்கின்றன. அதை இழுவை மடி சுரண்டாமல் பார்த்துக்கொண்டால் ஆவுளியாவுக்கும் நல்லது, சிறுவலைக்காரருக்கும் நல்லது.

சுனாமியில் அலையாத்திக் காடுகள் காத்தன என்கிறார்கள். எங்கள் கரையிலும் நட்டால் என்ன?

எங்கே என்பதைப் பொறுத்தது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கழிமுகச் சேற்றில்தான் அலையாத்தி பிழைக்கும். திறந்த மணற்கரையில் நட்டால் செத்துவிடும். அங்கே அரண் மணல்மேடும் அடும்புக்கொடியும்தான். சுனாமிக்குப் பிறகு சில இடங்களில் இயற்கையான மணல்மேட்டைச் சமன்படுத்திவிட்டுச் சவுக்கு நட்டார்கள். இருந்த கோட்டையை இடித்துவிட்டு வேலி கட்டிய கதை அது.

பிச்சாவரம் நல்ல பாடம். பழைய காலத்தில் மொத்தமாக வெட்டியதால் தரை தாழ்ந்து, நீர் தேங்கி, வெயிலில் உப்பேறி, கன்று முளைக்காத பொட்டலாகிப் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றத்தில் நீர் உள்ளே போய் வற்றத்தில் வெளியேறும்படி செய்தார்கள். அதன்பின் காடு திரும்பியது. நாற்று எத்தனை என்று கணக்குக் காட்டும் திட்டங்களிடம், நீர் வந்துபோக வழி செய்தீர்களா என்று கேளுங்கள். 2023–24 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் வந்த ‘மிஷ்டி’ என்ற அலையாத்தி வளர்ப்புத் திட்டத்துக்கும், உலக வங்கி உதவியோடு நடக்கும் மாநிலத்தின் நெய்தல் மீட்சி இயக்கத்துக்கும் இதே கேள்விதான்.

கடல் அரிக்கிறது, தூண்டில் வளைவு கேட்கிறோம். ஏன் இழுத்தடிக்கிறார்கள்?

தூண்டில் வளைவு என்பது அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு. கரையோரமாக மணல் ஓர் ஆறுபோல ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதே அதிகம். குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தின்னப்படும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகன்றதும், ராயபுரம் பக்கம் கரைந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1989இல் துறைமுகத் தடுப்பு வந்த பிறகு நகரக் கடற்கரை காணாமல் போனதும் இதே கதை.

ஆகவே உங்கள் ஊரைக் காக்கும் தூண்டில் வளைவு வடக்கே உள்ள ஊரை அரிக்கும், அவர்களும் கேட்பார்கள், அடுத்த ஊரும் கேட்கும். ஊர் ஊராகப் போடாமல், கடற்கரை முழுவதற்கும் ஒரே திட்டம் வகுத்துவிட்டுப் போடுங்கள் என்று, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்வதன் காரணம் இது. வீட்டு வாசலில் அலை அடிக்கும்போது இந்த விளக்கம் ஆறுதல் தராது, எனக்குத் தெரியும். அரிப்பைத் தொடங்கிவைத்த கட்டுமானம் எதுவோ, அங்கே தேங்கும் மணலை அள்ளி இந்தப் பக்கம் போடச் சொல்லுங்கள். புதிய கல் கேட்பதைவிட அது வலுவான கோரிக்கை.

எங்கள் ஓலைக் கொட்டகைக்கு நோட்டீஸ், பெரிய துறைமுகத்துக்கு அனுமதி. இது என்ன நியாயம்?

இந்தக் கேள்விக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். துறைமுகம், அனல்மின் நிலையம் போன்றவை நீரையொட்டியே இருந்தாக வேண்டியவை என்று கருதி, அறிவிக்கை அவற்றுக்கு வழி வைத்திருக்கிறது. ஆய்வறிக்கை, ஆணையத்தின் பரிந்துரை, மத்திய அமைச்சகத்தின் அனுமதி என்ற படிகள் உண்டு. ஆனால் அந்தப் படிகளில் ஏற ஆலோசகர்களையும் வழக்கறிஞர்களையும் வைத்துக்கொள்ள வசதியுள்ளவருக்கு விதி நெகிழ்கிறது; கொட்டகைக்காரருக்கு நெகிழ்வதில்லை.

இருந்தும் கையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குப் பொது விசாரணை நடக்க வேண்டும். குறைந்தது 30 நாட்கள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அந்த 30 நாட்களில் ஊர்கூடி அறிக்கையைப் படியுங்கள். ‘இந்தப் பகுதியில் மீன்பிடிப்பு இல்லை’ என்பது போன்ற வரி கண்ணில் படலாம். உங்கள் ஏலக்கணக்குப் புத்தகத்தைவிட அதற்கு நல்ல மறுப்பு கிடையாது.

இறால் பண்ணை உப்பால் குடிநீர் கெட்டுவிட்டது. சட்டத்தில் இடமுண்டா?

உண்டு, அந்தச் சட்டமே இங்கே நடந்த போராட்டத்தால் வந்தது. நாகை வட்டாரத்தில் வயல்களும் கிணறுகளும் உப்பாகியதை எதிர்த்து, சர்வோதயத் தலைவர்கள் எஸ். ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜகந்நாதனும் மக்களைத் திரட்டினார்கள். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. அந்தச் சட்டம் பண்ணைகளுக்கு மீண்டும் வழிவிட்டது என்ற வருத்தம் பலருக்கு உண்டு. என்றாலும் ஒவ்வொரு பண்ணையும் பதிவு செய்திருக்க வேண்டும். பக்கத்துப் பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்பதே முதல் படி.

ஆழ்கடலுக்குப் போங்கள் என்று மானியம் தருகிறார்கள். நம்பிப் போகலாமா?

பாக் நீரிணையின் இழுவைப் படகுகளைக் குறைக்க 2017இல் வந்த திட்டம் அது. சூரை மீன் பிடிக்கும் 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 50 விழுக்காட்டை மத்திய அரசும், 20 விழுக்காட்டை மாநில அரசும் தரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. நோக்கம் சரியானது. ஆனால் ஒரு நாளில் போய்வரும் தொழிலிலிருந்து வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழிலுக்கு மாறுவது படகை மாற்றுவதோடு முடிவதில்லை. ஆட்கள், பயிற்சி, பனிக்கட்டி, சூரைக்கு விலை கொடுக்கும் சந்தை எல்லாம் வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் எரிபொருள் செலவையும் கடன் தவணையையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

இத்தனை திட்டம் இருந்தும் மீன் குறைந்துகொண்டுதானே போகிறது?

ஒரே அரசு ஒரு கையால் மடியின் கண்ணியளவைக் கட்டுப்படுத்துகிறது, மறு கையால் மேலும் பெரிய இயந்திரத்துக்கு உதவுகிறது. தடைக்காலத்தில் கிடைத்த ஓய்வை அடுத்த மாதமே 3 மைலுக்குள் சுரண்டிவிடுகிறோம். கழிமுகத்தைச் சாம்பலும் கழிவும் நிரப்பினால், கடலில் எத்தனை செயற்கைப் பார் இறக்கியும் இறால் குஞ்சு வளர இடமிராது. எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது, வலையும் படகும் கருத்துப்போய் நின்ற மக்களுக்கு எந்தத் தடைக்கால விதியும் உதவவில்லை. கரையிலும் கடலிலும் ஒரே நேரத்தில் காவல் இருந்தால்தான் மீன் மீளும்.

புகார் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து எங்கே போவது?

இரண்டாவது பதிலில் சொன்ன அலுவலகத்துக்கு முதலில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், நீங்கள் புகார் சொன்ன கட்டுமானத்துக்கு அனுமதி ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதன்பின் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமலும் நேரில் வாதாடலாம்.

கால வரம்பில்தான் பலர் தோற்கிறார்கள். விதிமீறல் முதலில் நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள். அரசு அளித்த அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாட்கள்தான், அதற்கும் 60 நாள் நீட்டிப்பு உண்டு. இழப்பீடு கோருவதற்கு ஐந்து ஆண்டுகள். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்போம் என்று காத்திருந்து ஏழாவது மாதம் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்திருக்கிறது. முதல் லாரி மண் கொட்டிய அன்றே படம் எடுத்து, தேதியை ஊர்க் கணக்கு நோட்டில் எழுதி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.